பத்துக் கேள்விக்குறி

பதுளை பஸார் வீதியில், மர்ஸூக் ஹாஜியாரின் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஊவா மக்கள் ஆவண மன்றத்தில் எது நடந்தாலும் அதற்கு ஒரு விழா உண்டு. மேசை வந்தால் விழா. மேசைமேல் வைக்கக் கணினி வந்தால் இன்னொரு விழா. சென்ற ஆண்டு ஜனவரியில் 'தொலைதூரச் சேமிப்பு' தொடங்கியபோது குத்துவிளக்கே ஏற்றிவிட்டார்கள். ஜெர்மனியிலோ சிங்கப்பூரிலோ, எவரும் கண்ணால் கண்டிராத இடத்தில் கிடக்கும் ஓர் இயந்திரத்துக்குப் பதுளையிலிருந்து விளக்கேற்றிய முதல் மனிதர் இணைப்பாளர் சுரேஸாகத்தான் இருக்க வேண்டும். அன்று வடை பரிமாறியவள் ஜீவராணி.

மன்றத்தில் கணினி தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். மடுல்சீமைப் பக்கம் ஊத்துக்கல் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள், முப்பத்தெட்டு வயது, ஐந்து வருடமாக இதே நாற்காலி. அவளுக்கு உலகத்தில் பெரும்பாலானவர்கள் முட்டாள்களாகத் தெரிந்தார்கள். அதில் பாதிக்கு மேல் உண்மை இருந்ததால் அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த ஏளனம் முழுவதும் மனதுக்குள்ளேயே நடக்கும். வாய்க்கு வரும்போது அது "சரிங்க சேர்" என்று ஆகிவிடும்.

வேலை என்னவோ நல்ல வேலைதான். தோட்டங்களில் ஒரு காலத்தில் குழந்தை பிறந்தால் தோட்டத்து ஆபீசில் ஒரு சீட்டு எழுதுவார்கள். ஒரு பாதி பதிவாளருக்குப் போக வேண்டும், மறுபாதி புத்தகத்திலேயே அடித்தாளாக நிற்க வேண்டும். பதிவாளருக்குப் போக வேண்டிய பாதி பல நேரம் போகவே போகாது. ஆக, அந்த அடித்தாள் ஒன்றுதான் இந்த மனிதர் இந்த மண்ணில் பிறந்தார் என்பதற்குச் சாட்சி. ஊத்துக்கல் தோட்டத்தில் அப்படி நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஜீவராணி அந்த அடித்தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாள். மன்றத்தின் முத்திரை வைத்த பிரதி இருந்தால் போதும், மூலத்தைக் கேட்கமாட்டோம் என்று பிரதேச செயலகமும் ஒத்துக்கொண்டிருந்தது. புத்தகங்கள் திரும்பவும் தோட்டத்து ஆபீஸ் அலுமாரிக்கே போயின. அலுமாரியில் கறையான் காத்திருந்தது. போன நவம்பர் மழையில் கூரைத் தகரமும் பறந்ததோடு புத்தகங்களின் கதை முடிந்தது.

"அதனாலென்ன, நம்மகிட்ட எஃப்.டி.பி. இருக்கு" என்றார் சுரேஸ்.

எஃப்.டி.பி. என்ற மூன்று எழுத்தையும் அவர் மந்திரம் மாதிரி சொல்வார். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. வெகு தூரத்து இயந்திரம் ஒன்றில் வாடகைக்கு ஓர் இடம், அங்கே கோப்புகளைக் கொண்டுபோய்ப் போட ஒரு பழைய வழி, அவ்வளவுதான். மன்றத்தின் இணையப் பக்கத்தோடு சேர்த்து இலவசமாகக் கிடைத்த இடம் அது. கீழே துணிக்கடைக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருந்த றுஷ்திதான் அதை அமைத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஆனால் அலுவலகக் கணினியில் உள்ள எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு மென்பொருள் அங்கே அனுப்பும். அனுப்பி முடிந்ததும் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் விழும். சுரேஸ் அந்தப் பச்சையைப் படம் பிடித்து மன்றத்தின் வட்ஸ்அப் குழுவில் போடுவார். முப்பது பேர் கைகூப்புவார்கள்.

ஆரம்பத்தில் ஜீவராணி ஒவ்வொரு கோப்புக்கும் தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் அந்தந்த ஆளுக்கு உள்ள செக்ரோல் நம்பரையே பெயராக வைத்தாள். தோட்டத்தில் விடிந்தும் விடியாமலும் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி கூப்பிடுவதும் அந்த நம்பரைத்தான். அது ஒருவருக்கு ஒன்றுதான் இருக்கும், யாருக்கும் குழப்பம் வராது. இருநூற்று அறுபது அடித்தாள்கள்வரை அப்படியே போயிற்று. ஓகஸ்ட் மாதம் கொழும்பிலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள். சுரேஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கம்பனிக்காரன் நம்மள நம்பரா பாத்தான். நம்ம பேர வாய்க்கு வந்தபடி எழுதினான். இனிமே அது நடக்காது. நம்ம சனத்தோட பேரு, நம்ம எழுத்துல, முழுசா இருக்கணும். இந்த மன்றத்துல இனி ஒரு நம்பர்கூட இருக்கக்கூடாது."

கைத்தட்டல் கீழே துணிக்கடைவரை கேட்டது. பேச்சு நல்ல பேச்சுதான், ஜீவராணியும் கைதட்டினாள். மறுநாள் காலை பெயர் மாற்றும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள்.

"சேர், ஊத்துக்கல்ல கருப்பாயி மட்டும் அஞ்சு பேரு இருக்காங்க" என்றாள்.

"அப்பன் பேரையும் சேத்துக்க ஜீவராணி."

"நம்பரு இருந்தா தேடுறதுக்கு லேசு சேர்."

"நீ எப்பவும் நெகட்டிவாவே பேசுற. அதான் ஒன்னோட கொற."

"சரிங்க சேர்."

இரண்டு வாரம் உட்கார்ந்து இருநூற்று அறுபது கோப்புகளுக்கும் தமிழில் பெயர் மாற்றினாள். பிறகு வந்த நூற்றைம்பத்திரண்டும் பெயரிலேயே ஏறின. தொலைவிலுள்ள இயந்திரத்தில் ஏற்கெனவே போய்க் கிடந்த நம்பர்க் கோப்புகளை அழித்துவிடும்படி சுரேஸ் றுஷ்தியிடம் சொன்னார். அடுத்த வாரம் கேட்டபோது றுஷ்தி "அழிச்சாச்சி சேர்" என்றார். றுஷ்தியைக் கேட்டால் எல்லாமே ஆச்சுதான். ரிப்பேருக்குக் கொடுத்த பிரிண்டர் மூன்று மாதமாக ஆகிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் ஜீவராணி றுஷ்தியிடம் கேட்டாள், முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்று கூப்பிடுவது அங்கே வழக்கம்: "நானா, அனுப்புறது சரி. ஒரு கோப்பயாவது அங்கருந்து திருப்பி எடுத்துப் பாத்தா என்ன?"

"பச்ச விழுதுதானே மிஸ். அதுக்குப் பொறகு என்ன பாக்க ஈக்கி?"

சுரேஸும் சிரித்தார். பச்சை விழுந்த பிறகும் சந்தேகப்படுகிற பெண் என்று கூட்டத்தில் வேறு சொல்லிக் காட்டினார். ஜீவராணி அதோடு கேட்பதை நிறுத்தினாள்.

இந்தக் கதையில் அவளைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் ஒன்று உண்டு. அவளே பின்னால் ஒளிக்காமல் சொன்னது என்பதால் இங்கும் ஒளிக்கத் தேவையில்லை. இந்த ஆண்டு மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் தற்செயலாகத் திரையைப் பார்த்தாள். மென்பொருள் கோப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெயர் இல்லை. வரிசையாகக் கேள்விக்குறிகள். ஏழு கேள்விக்குறி, சரி. ஒன்பது கேள்விக்குறி, சரி. மறுபடியும் ஏழு, சரி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பச்சை.

ஏதோ பிழை என்று அவளுக்கு உடனே பட்டது. எவ்வளவு பெரிய பிழை என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை அவள் செலவழிக்கவில்லை. நம்ம எழுத்தில் முழுசாக இருக்கவேண்டும் என்று ஒலிவாங்கியில் முழங்கியவரின் மானம் கேள்விக்குறியாகப் போவதைப் பார்க்க அவளுக்கு இனிப்பாக இருந்தது. சொன்னால் நெகட்டிவ் என்பார்கள், நாமாக ஏன் வாயைக் கொடுக்கவேண்டும், ஒரு நாள் தானே தெரியட்டும் என்று நினைத்தாள். அந்த இனிப்பை வாயில் அடக்கிக்கொண்டே மடுல்சீமை பஸ்ஸில் ஏறினாள்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் பதுளையில் இடி விழுந்தது. தொலைபேசி வயர் வழியாக உள்ளே வந்து கணினியை எரித்தது, கணினியோடு எந்நேரமும் சொருகியே கிடந்த வெளி வன்தட்டையும் எரித்தது. சுரேஸ் கலங்கவில்லை. "நம்ம சனத்தோட பேரெல்லாம் மேல பத்திரமா இருக்கு" என்று குழுவில் எழுதினார். மேலே என்றால் வானத்தில் என்று நினைத்தாரோ என்னவோ. புதுக் கணினி மே மாதம் வந்தது, அதற்கும் விழா நடந்தது. கோப்புகளைத் திருப்பி எடுக்கிற வேலை மட்டும் அவசரமில்லை என்று கிடந்தது. அப்போதாவது ஜீவராணி வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை காலை, முதல் பஸ்ஸில் இராக்கம்மா வந்து மாடிப்படி ஏறினாள்.

இராக்கம்மாவுக்கு அறுபத்தாறு வயது. ஊத்துக்கல் தோட்டத்தில் ஜீவராணி குடும்பம் இருந்த அதே லயத்தில் அடுத்த காம்பராவான ஒற்றை அறையில் இருப்பவள். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள், புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. லயத்துக்குப் பின்னால் மலை அசைகிறது, குடியிருக்கக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய காம்பராச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. பாதுகாப்பான இடத்தில் கட்டிய இருபது வீடுகளில் ஒன்று அவள் பெயருக்கு விழுந்திருந்தது.

அவள் மடியிலிருந்து பிரதேச செயலகத்துக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நாளைக்கி ஒம்போது மணிக்கு ஊட்டு உறுதிப் பத்தரம்னு ஏதோ குடுக்குறாங்களாம் புள்ள. பொறந்த சீட்டு கொண்டாரணுமாம். இல்லாட்டி ஊட்ட அடுத்த ஆளுக்குக் குடுத்துருவேன்னுட்டாரு அந்த ஐயா."

"நாளைக்கா? இப்பத்தான் சொல்றீங்களா பெரியம்மா?"

"நீ எடுத்துவச்சிருக்கன்னு தெரியுமே. எதுக்கு அவசரம்னு இருந்தேன். இங்க பத்தரமா இருக்குன்னு சேரு வந்து லயத்துல கூட்டம் போட்டுச் சொன்னாருல்ல."

ஜீவராணிக்கு மார்ச் மாதத்துக் கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. "ஒக்காருங்க பெரியம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, கீழே போய் றுஷ்தியைக் கையோடு அழைத்து வந்தாள். சுரேஸும் தன் அறையிலிருந்து தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். தொலைதூரச் சேமிப்பு வேலை செய்வதைப் பார்க்கும் ஆசை அவருக்கு.

றுஷ்தி கடவுச்சொல்லைத் தேடி டயறியைப் புரட்டினார். மூன்றாம் தடவை சரியாக விழுந்தது. ஊத்துக்கல் என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட கோப்புப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே பத்தொன்பது கோப்புகள் இருந்தன. பத்தொன்பதும் வெறும் கேள்விக்குறிகள்.

"ஃபொன்ட் இல்ல, அதான்" என்றார் றுஷ்தி. "பேருதான் தெரியுது இல்ல. உள்ளுக்கு எல்லாம் ஈக்கும்."

"நானா, நானூத்திப் பன்னெண்டு இருக்கணும்."

றுஷ்தி மேலேயும் கீழேயும் உருட்டிப் பார்த்தார். பத்தொன்பதை எவ்வளவு உருட்டினாலும் பத்தொன்பதுதான். அவர் காதைச் சொறிந்தார்.

ஜீவராணிக்குப் புரிவதற்கு அந்த ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அந்தப் பழைய வழிக்குத் தமிழ் தெரியாது. தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். காலையும் கொம்பையும் புள்ளியையும்கூடத் தனித்தனியாக எண்ணும். நமக்கு இராக்கம்மா ஆறு எழுத்து, அதற்குப் பத்து. பத்துக் கேள்விக்குறியாக இராக்கம்மா போய்ச் சேர்கிறாள். பின்னாலேயே அதே நீளத்தில் இன்னொரு பெயர் வருகிறது, அதுவும் பத்துக் கேள்விக்குறிதான். ஒரே பெயரில் புதிதாக ஒன்று வந்தால் பழையதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருவது இயந்திரத்தின் வழக்கம். பெரட்டுக்குப் பிந்தி வருகிறவனுக்கு வேலை கிடையாது, திரும்பிப் போகவேண்டியதுதான். இந்தப் பெரட்டிலோ பிந்தி வந்தவன் முந்தி வந்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டு நிற்கிறான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் போனார்கள், நீளத்துக்கு ஒருவராகப் பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள். ஒவ்வொரு தடவையும் பச்சை விழுந்தது. அனுப்பியது உண்மைதானே, இயந்திரம் பொய் சொல்லவில்லை.

"பத்துக் கேள்விக்குறி உள்ளதத் தொறங்க நானா."

றுஷ்தி திறந்தார். மஞ்சள் பூத்த அடித்தாள் ஒன்று திரையில் விரிந்தது. ஜீவராணி முதல் வரியைப் படித்தாள். வள்ளியம்மை. அகரவரிசையில் கடைசியில் நின்றதால் பிழைத்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் செத்தும் போய்விட்டவள்.

"எம்பேரா அது?" என்று கேட்டாள் இராக்கம்மா. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

"இல்ல பெரியம்மா."

சுரேஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் மூளை வேலை செய்யத் தொடங்கியது அவர் முகத்திலேயே தெரிந்தது. அது எப்போதும் நல்லதில் முடிவதில்லை.

"நம்ம லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் குடுப்பம்" என்றார். "தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுவம். நாம யாருன்னு அவங்களுக்குத் தெரியும்."

"கடிதத்துக்கு வீடு குடுக்கமாட்டாங்க சேர். சீட்டுக்குத்தான் குடுப்பாங்க."

"இப்ப யாரு தப்புன்னு பேசுற நேரமில்ல ஜீவராணி."

யாரும் தப்பைப் பற்றிப் பேசவே இல்லை. இத்தனை நாள் ஜீவராணி இந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தாள். சொல்லவேண்டிய சொற்கள் எல்லாம் தயாராக இருந்தன, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் தீட்டி வைத்தவை. நாற்காலி நுனியில், வெற்றிலைப் பையைப் பிடித்துக்கொண்டு இராக்கம்மா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க ஜீவராணிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இவர்கள் முட்டாள்கள், தெரியாமல் செய்தார்கள். தெரிந்தும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனவள் யார்?

இராக்கம்மா மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்தது என்னவென்று அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. தன் பெயர் அங்கே இல்லை என்பது புரிந்தது.

"பேரு இல்லாட்டி நம்பருல பாரேன் புள்ள" என்றாள். "நானூத்தி முப்பத்தேழு. நாப்பது வருசமா என்னய யாரு பேரச் சொல்லிக் கூப்ட்டா."

ஜீவராணி மெதுவாக றுஷ்தியின் பக்கம் திரும்பினாள்.

"நானா. போன ஓகஸ்ட்ல நம்பரு கோப்பெல்லாம் அழிச்சீங்கதானே?"

"அழிச்சேன் மிஸ். அண்டைக்கே சேர்ட்ட சொன்னேனே."

"நெசமாவே அழிச்சீங்களா?"

"அல்லாஹ்வே, என்ன மிஸ் இது. சொன்னா நம்புங்கோ."

ஐந்து வருடமாக அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் அவள் நம்பியதில்லை. பிரிண்டர் வரும் என்றதை நம்பவில்லை, ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றதை நம்பவில்லை. இன்று அவர் பொய்யராகவே இருக்கவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். ஒரு மனிதனின் சோம்பேறித்தனத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

"நானா, இந்தப் பெரியம்மாவுக்கு நாளைக்கி வீடு போவுது. நீங்க அழிக்காம விட்டிருந்தா ஒங்கள யாரும் ஏசமாட்டாங்க. நான் காலத் தொட்டுக் கும்பிடுவேன்."

றுஷ்தி சுரேஸைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அண்டைக்கு வெள்ளிக்கெழம" என்றார். "ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிட்டு. எல்லாத்தையும் வேற ஒரு பெட்டிக்குள்ள தள்ளிட்டுப் போனேன், வந்து அழிப்போம்னு. பொறகு... மறந்துபோச்சி."

திரையில் அந்தப் பெட்டியை மூடிவிட்டு இன்னொரு பெட்டியைத் திறந்தார். பழசு என்று ஆங்கில எழுத்தில் அதற்குப் பெயர். உள்ளே இருநூற்று அறுபது நம்பர்கள், ஒன்று குறையாமல், பெரட்டில் நிற்பது போல வரிசையாக நின்றன. றுஷ்தி கீழே உருட்டினார். நானூற்று முப்பத்தேழு இருந்தது.

"றுஷ்தி நானா" என்றார் சுரேஸ், குரலைக் கடுமையாக்கிக்கொண்டு. "இத அழிக்கச் சொல்லித்தானே சொன்னேன்? மன்றத்தோட தீர்மானம் அது. அழிச்சேன்னு எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க."

றுஷ்தி அதற்குள் கோப்பை இறக்கத் தொடங்கியிருந்தார். சுரேஸ் இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு அடங்கினார்.

கோப்பு இறங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. மன்றத்துப் பிரிண்டர் இன்னும் ரிப்பேரில் இருந்ததால், கீழே றுஷ்தியின் கடையிலேயே அச்செடுத்து வந்தார்கள். ஜீவராணி முத்திரை குத்தி, திகதி எழுதி, அதை வாசித்துக் காட்டினாள். தாய் பெயர், தகப்பன் பெயர், எட்டாம் நம்பர் லயம், பெண் குழந்தை, இராக்கம்மா. எழுதிய கிளாக்கர் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தான், பிறகு மேலே சின்னதாகச் சேர்த்திருந்தான். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி அந்தத் தாளை எழுத்துகள் தலைகீழாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். ஜீவராணி அதைத் திருப்பிக் கொடுக்கப் போய், வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

சுரேஸுக்கு இதற்குள் உயிர் திரும்பிவிட்டது. நடந்ததில் தனக்கு வேண்டியது எது என்று கண்டுபிடிக்க அவருக்கு அச்செடுக்கும் நேரம் போதுமாக இருந்தது. கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து ஜன்னல் பக்கம் வெளிச்சம் பார்த்தார்.

"அம்மா, இப்பிடித் திரும்புங்க. சீட்ட நெஞ்சுகிட்ட புடிங்க. இடி விழுந்தும் அழியல, தோட்டத்துப் புத்தகம் கறையான் தின்னும் அழியல, நம்ம தொலைதூரச் சேமிப்பு காப்பாத்துச்சின்னு ஒரு வீடியோ போடுவம். ஜீவராணி, அந்தக் கோப்புக்கு அம்மா பேர வச்சிரு. நம்பரு வீடியோவுல வரக்கூடாது. அம்மா, ஒங்க பேர மட்டும் சத்தமா சொல்லுங்க."

"நானூத்தி முப்பத்தேழு" என்றாள் இராக்கம்மா.

"நம்பரு வேணாம்மா. பேரு."

"அதத்தான் ஒங்க மெசினு தின்னுருச்சே சேரு."

றுஷ்தி சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுரேஸ் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். ஜீவராணி இந்த மாதிரி ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஐந்து வருடம் ஏங்கிக் கிடந்தாள். இப்போது அது அவள் காதிலேயே விழுந்தும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் திரையில் இருந்தது. பழசில் இருந்தது இருநூற்று அறுபது. ஓகஸ்டுக்குப் பிறகு ஏறியது நூற்றைம்பத்திரண்டு. அவர்களில் அந்தப் பத்தொன்பதுக்குள் நின்றவர்கள் போக மற்றவர்களுக்கு நம்பரும் இல்லை, பெயரும் இல்லை, கறையான் தின்ற புத்தகத்திலும் அவர்கள் இல்லை. மார்ச் மாதத்தில் கணினி நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவள் வாய் திறந்திருந்தால் அத்தனை பேரையும் மறுபடி அனுப்பியிருக்கலாம்.

இராக்கம்மா தாளை நான்காக மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்தாள். எழுந்தவள், என்னவோ நினைத்துக்கொண்டு நின்றாள்.

"கடக்கோடிக் காம்பரா கருப்பாயி அடுத்த மாசம் வருவா புள்ள. அவளுக்கும் ஊடு விழுந்திருக்கு. அவ சீட்டு இருக்குல்ல?"

ஜீவராணிக்கு அந்தத் தாளை எந்த மாதம் ஸ்கேன் செய்தோம் என்று நன்றாக நினைவிருந்தது. செப்டம்பர். அப்பன் பெயரையும் சேர்த்துத் தமிழில், முழுசாகப் பெயர் வைத்திருந்தாள். அந்த நீளத்தில் மிஞ்சியிருந்த ஒரே தாளைத் திறந்தாள், அது வேறொருவருடையது.

"இல்ல பெரியம்மா."

"அப்ப அவளுக்கு என்ன சொல்லுவ?"

சுரேஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தொழில்நுட்பக் கோளாறு என்றுதான் இருக்கும். ஜீவராணி அவரை முந்திக்கொண்டாள்.

"கெட்டுப்போறத நான் மார்ச் மாசமே பாத்தேன் பெரியம்மா. இவங்க அவமானப்படட்டும்னு சொல்லாம இருந்துட்டேன்."

கிழவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஜீவராணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எஞ் சீட்டுத்தான் கெடச்சிருச்சே, எங்கிட்ட ஏஞ் சொல்ற" என்றாள். "கருப்பாயி வருவா, அவகிட்ட சொல்லு."

பையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தடவியபடி மாடிப்படி இறங்கினாள். மடுல்சீமை பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.